எந்த எல்லை, எந்தப் பதவி, எந்தப் படை?

கமாண்டோ வேலைக்கு விண்ணப்பப் படிவத்தைத் தேடுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது, அப்படியொரு படிவமே கிடையாது என்பதுதான். 1984-ல் உருவான தேசியப் பாதுகாப்புப் படையான என்.எஸ்.ஜி. தன் கமாண்டோக்களை நேரடியாக ஆள் எடுத்துச் சேர்ப்பதில்லை. ராணுவத்திலிருந்தும் மத்திய ஆயுதக் காவல் படைகளிலிருந்தும் டெபுடேஷனில் வருகிறார்கள். காலம் முடிந்ததும் தாய்ப்படைக்குத் திரும்புகிறார்கள். குஜராத்தின் சர் க்ரீக் கழிமுகச் சேற்றில் காவல் காக்கும் எல்லைப் பாதுகாப்புப் படையின் க்ரீக் க்ரொக்கடைல் கமாண்டோக்களும் அப்படைக்குள்ளிருந்தே பொறுக்கி எடுக்கப்படுபவர்கள். 2024-ல் அதே படையின் முதல் பெண் ஸ்னைப்பராகத் தேறியவர், இந்தூர் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக்குப் போனபோதே சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஆகவே, அதிரடிப் பிரிவு என்பது வேலையில் சேர்ந்தபின் வரும் இரண்டாவது தேர்வு. முதல் தேர்வு, எந்த எல்லையைக் காக்கும் படை, எந்தப் பதவியில் நுழைவது என்பது. இந்த முதல் தேர்வை அலட்சியமாகச் செய்துவிட்டு இரண்டாவதைப் பற்றிக் கனவு காண்பதுதான் பலரும் செய்யும் பிழை.

கணக்குப் போட்டுப் பார்த்தாலே இது விளங்கும். மத்திய ஆயுதக் காவல் படைகளில் 2019 முதல் எல்லாப் பதவிகளுக்கும் ஓய்வு வயது 60. இருபது வயதில் கான்ஸ்டபிளாகச் சேருகிறவருக்கு முன்னால் நாற்பது ஆண்டுப் பணி இருக்கிறது. கமாண்டோ பிரிவில் கழியும் காலம் அதில் இளமையின் சில ஆண்டுகள் மட்டுமே. மீதியெல்லாம் காவல் சாவடி, ரோந்து, பயிற்சி, முகாம், தேர்தல் பாதுகாப்பு, வேறு மாநிலத்தில் உள்நாட்டுப் பாதுகாப்புப் பணி என்று போகும். அந்த மீதிக் காலத்தின் தன்மையைத் தீர்மானிப்பது, சேர்ந்த படை எந்த எல்லைக்குப் பொறுப்பு என்பதுதான். அதனால் படைகளை அவற்றின் சீருடையைக் கொண்டு ஒப்பிடாமல், அவை காக்கும் எல்லையைக் கொண்டு ஒப்பிடுவதே சரியான முறை.

மிகப் பெரியது எல்லைப் பாதுகாப்புப் படை. 1965 ஏப்ரலில் கட்ச் பகுதியில் சர்தார் சாவடியைப் பாகிஸ்தான் தாக்கியபோது, மாநிலக் காவல்துறையைக் கொண்டு இத்தகைய எல்லையைக் காக்க முடியாது என்பது வெளிப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 1-ல் கே.எஃப். ருஸ்தம்ஜியின் தலைமையில் பி.எஸ்.எஃப். பிறந்தது. இன்று பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய இரு எல்லைகளும் அதன் பொறுப்பு. வங்கதேச எல்லை மட்டும் 4,096 கிலோமீட்டர். இரண்டும் ஒரே மாதிரியானவை என்று எண்ணக்கூடாது. காஷ்மீரின் கட்டுப்பாட்டுக் கோட்டில் பி.எஸ்.எஃப். ராணுவத்தின் செயல்முறைக் கட்டுப்பாட்டில் நிற்கிறது; அங்கே வேலை போருக்கு நெருக்கமானது. பஞ்சாபில் போதைப்பொருளும் துப்பாக்கியும் ட்ரோனில் வந்து விழுகின்றன. வங்கத்தில் ஆற்றுத் திட்டுகள், வேலி இல்லாத வயல்கள், மாடு கடத்தல், வயிற்றுப்பாட்டுக்காக எல்லை தாண்டும் ஏழைகள். அங்கே சுடாமல் தடுப்பதே திறமை. ராஜஸ்தானில் ஒட்டகப் படை, குஜராத்தில் படகு, குவாலியர் அருகே தேக்கன்பூரில் நாய்ப் பயிற்சி மையம், 2025 முதல் அங்கேயே ட்ரோன் போர்ப் பள்ளி என்று, ஒரே படைக்குள் தொழில் மாற்றிக்கொள்ள இவ்வளவு வாசல்கள் வேறெங்கும் இல்லை. தனக்கு எது வரும் என்று இன்னும் தெரியாத இளைஞருக்கு இதுவே பொருத்தமான இடம்.

இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை இதற்கு நேர் எதிர். அங்கே வேலையின் பெயர் மலை. சீனப் போர் நடந்துகொண்டிருந்த 1962 அக்டோபர் 24-ல் அமைக்கப்பட்ட ஐ.டி.பி.பி., லடாக்கின் கரகோரம் கணவாயிலிருந்து அருணாசலத்தின் ஜசெப் லா வரை 3,488 கிலோமீட்டர் எல்லையைக் காக்கிறது. சாவடிகள் 9,000 அடியிலிருந்து 18,800 அடி வரை உயரத்தில் இருக்கின்றன. குளிர் மைனஸ் 45 டிகிரி வரை இறங்கும். எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் துப்பாக்கிச் சூடு நடத்துவதில்லை என்று 1996-ல் இந்தியாவும் சீனாவும் ஒப்புக்கொண்டிருப்பதால், இங்கே உடல்வலுவும் மலையேற்றமும் பொறுமையும் ஆயுதத்துக்கு முந்தியவை. 2020 ஜூனில் கல்வானில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தது கைகலப்பில்தான். அதன் பிறகு இந்த எல்லைக்கு முக்கியத்துவம் கூடியது. 2023 பிப்ரவரியில் ஏழு புதிய பட்டாலியன்களுக்கும் 9,400 பணியிடங்களுக்கும் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உத்தராகண்டின் ஆவ்லியில் படைக்குச் சொந்தமான மலையேற்ற, பனிச்சறுக்குப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கடல்மட்டத்தில் வளர்ந்தவர் உயரத்துக்குப் பழகலாம். பழக்குவதற்கென்றே படிப்படியான முறைகள் உள்ளன. ஆனால் தனிமையைத் தாங்குவது பயிற்சியால் மட்டும் வருவதில்லை.

எஸ்.எஸ்.பி. எனப்படும் சஷஸ்த்ர சீமா பல் பற்றி நம் பக்கத்தில் குறைவாகவே பேசப்படுகிறது. 1963-ல் எல்லைக் கிராமங்களைப் பயிற்றுவிக்கும் ரகசிய அமைப்பாகத் தொடங்கியது; 2001-ல் நேபாள எல்லையும் 2004-ல் பூட்டான் எல்லையும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டன. 1,751 கிலோமீட்டர் நேபாள எல்லையில் விசா கிடையாது. தினமும் வேலைக்கும் திருமணத்துக்கும் சந்தைக்கும் மக்கள் கடந்து போகும் இடத்தில், கடத்தப்படும் பெண்ணையும் கள்ளநோட்டையும் தேடப்படும் குற்றவாளியையும் கூட்டத்திலிருந்து பிரித்தறிய வேண்டும். சுடும் திறனைவிடக் கேட்கும் காதும் முகம் படிக்கும் கண்ணும் இங்கே பெரிது. அந்த எல்லைகளின் உளவுத் தகவலைத் திரட்டும் முதன்மை அமைப்பும் எஸ்.எஸ்.பி.தான். எல்லைக் காவல் படைகளில் முதலில், 2007-லேயே, பெண்களைப் படைப்பிரிவில் சேர்த்ததும் இதுவே. அதிரடி என்ற சொல்லுக்கு ஆசைப்பட்டவருக்கு இது மங்கலாகத் தோன்றலாம். புலனாய்வில் நாட்டமுள்ளவருக்கு இது முதல் இடத்தில் வரவேண்டிய படை.

அசாம் ரைஃபிள்ஸ் வயதில் எல்லோருக்கும் மூத்தது. 1835-ல் கச்சார் லெவி என்ற பெயரில் தொடங்கியது. நிர்வாகம் உள்துறை அமைச்சகத்திடம், செயல்முறைக் கட்டுப்பாடு ராணுவத்திடம். 1,643 கிலோமீட்டர் மியான்மர் எல்லையைக் காப்பதோடு, வடகிழக்கு மாநிலங்களின் கிளர்ச்சித் தடுப்பிலும் அது இருப்பதால், காட்டுப் போர்ப் பயிற்சியில் அதற்கு நிகரான எல்லைப் படை இல்லை. ஆனால் அதிகாரியாக விரும்புகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூ.பி.எஸ்.சி. நடத்தும் அசிஸ்டென்ட் கமாண்டன்ட் தேர்வில் அசாம் ரைஃபிள்ஸ் இல்லை, எஸ்.எஸ்.சி.யின் சப்-இன்ஸ்பெக்டர் தேர்விலும் இல்லை. அதன் அதிகாரிகளில் பெரும்பாலோர் ராணுவத்திலிருந்து வருகிறவர்கள். கான்ஸ்டபிளுக்கு இணையான ரைஃபிள்மேனாக நுழைபவருக்கு மட்டுமே பொதுத்தேர்வின் வழி திறந்திருக்கிறது.

கடற்கரையில் வளர்ந்தவருக்கு இன்னொரு வழியும் உண்டு. நம் மாநிலத்துக்கு அயல்நாட்டோடு நில எல்லை இல்லை. இருப்பது நீர் எல்லை. 2008-ல் மும்பையைத் தாக்கியவர்கள் கடல் வழியே வந்தபின், ஆழ்கடலில் கடற்படை, அதற்கு உள்ளே கடலோரக் காவல் படை, கரையை ஒட்டி மாநிலக் காவல்துறை என்று மூன்றடுக்குக் காவல் இறுக்கப்பட்டது. மண்டபத்தில் கடலோரக் காவல் படையின் ஹோவர்கிராஃப்ட் பிரிவு இருக்கிறது. தமிழகக் காவல்துறைக்குக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. முன்னது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது, அதன் பொதுப்பிரிவு நாவிக் பதவிக்குப் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். பின்னது மாநிலப் பணி. வீட்டுக்கு அருகே இருக்கலாம், ஆனால் அனுபவத்தின் வீச்சு குறுகும்.

படைக்கு அடுத்தது பதவி. பலரும் நினைப்பதைவிட இது பெரிய முடிவு. பத்தாம் வகுப்புப் போதும் என்ற கான்ஸ்டபிள் பணியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக்குழுவின்படி 21,700 ரூபாய்; பட்டம் பெற்றுச் சப்-இன்ஸ்பெக்டரானால் 35,400; அசிஸ்டென்ட் கமாண்டன்டானால் 56,100. படிகள் இதற்கு மேல். கீழிருந்து மேலே வருவது நடக்கும், ஆனால் மெதுவாக. பதவி உயர்வு கிடைக்காதவருக்கும் 10, 20, 30 ஆண்டுகளில் ஊதிய உயர்வு மட்டும் தரும் திட்டம் இருப்பதே அந்தத் தாமதத்துக்குச் சாட்சி. அதிரடிப் பிரிவிலும் கதவை உடைத்து நுழைகிறவருக்கும் எந்தக் கதவை உடைப்பது என்று முடிவெடுப்பவருக்கும் இடையே உள்ள வேறுபாடு, பெரும்பாலும் அவர்கள் எழுதிய நுழைவுத் தேர்வில் தொடங்கியது. ஆகவே பட்டப்படிப்பில் இருப்பவர் அவசரப்பட்டுக் கான்ஸ்டபிளாகச் சேராமல், 20 முதல் 25 வயது வரை திறந்திருக்கும் யூ.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி. தேர்வுகளை முதலில் முயல்வது நல்லது. குடும்பச் சூழல் காத்திருக்க விடாதவருக்குக் கான்ஸ்டபிள் பணி தாழ்வு என்பதல்ல. உள்ளிருந்தபடி துறைத் தேர்வு எழுதும் வழி அவருக்கு உண்டு.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். எல்லையை நாமா தேர்ந்தெடுக்கிறோம், மதிப்பெண்ணும் காலியிடமும் அல்லவா தீர்மானிக்கின்றன என்று கேட்கலாம். பாதி உண்மை. கான்ஸ்டபிள் தேர்வில் காலியிடங்கள் மாநிலவாரியாகப் பிரிக்கப்படுகின்றன. விருப்ப வரிசையும் மதிப்பெண்ணும் சேர்ந்துதான் படையைத் தருகின்றன. ஆனால் அதனாலேயே வரிசையை யோசித்து நிரப்புவது முக்கியமாகிறது. மதிப்பெண் அதிகம் எடுத்தவருக்கு வரிசை உண்மையிலேயே வேலை செய்கிறது. மதிப்பெண்ணைக் கூட்டவும் வழி இருக்கிறது. 2024 முதல் இத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம். என்.சி.சி. ஏ, பி, சி சான்றிதழ்களுக்கு முறையே 2, 3, 5 சதவீத ஊக்க மதிப்பெண் கிடைக்கிறது. அசிஸ்டென்ட் கமாண்டன்ட் தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. அதைக் குறிவைப்பவர் கல்லூரி முதலாண்டிலேயே ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, இவ்வளவு சிரமப்பட வேண்டுமென்றால் ராணுவத்துக்கே போகலாமே என்பது. தாக்குதல் மட்டுமே நோக்கமென்றால் அந்த யோசனை சரி, என்.எஸ்.ஜி.யின் முதன்மைத் தாக்குதல் பிரிவே ராணுவத்தினருக்கு உரியது. ஆனால் 2022-க்குப் பின் ராணுவத்தில் சிப்பாயாகச் சேருபவர் அக்னிவீரர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் நாலில் ஒருவருக்கே தொடர வாய்ப்பு. எல்லைக் காவல் படைகளில் தொடக்கம் முதலே நிரந்தரப் பணி. மேலும் இது சட்டத்தை அமலாக்கும் வேலை. பஞ்சாப், மேற்கு வங்கம், அசாம் மாநிலங்களில் எல்லையிலிருந்து 50 கிலோமீட்டர் வரை பி.எஸ்.எஃப். சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் கைது செய்யவும் முடியும். பிடித்தவரை உள்ளூர் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கியோடு சட்டமும் பிடித்தவருக்கே இந்த வேலை இனிக்கும்.

குறைகளை மறைத்து யாரையும் சேரச் சொல்வது நேர்மையாகாது. 2004-க்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. அது தங்களுக்கும் உரியது என்ற வீரர்களின் வழக்கில் 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அளித்த சாதகமான தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. உயர் பதவிகளை ஐ.பி.எஸ். அதிகாரிகள் நிரப்புவதால் படையின் சொந்த அதிகாரிகள் தேங்குகிறார்கள் என்ற மனக்குறை நெடுநாளையது, ஐ.ஜி. நிலை வரை அந்த டெபுடேஷனைப் படிப்படியாகக் குறைக்குமாறு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. அது எப்படி நடைமுறையாகிறது என்பதை அதிகாரிப் பதவிக்குப் போகிறவர் கவனித்துவர வேண்டும். ஆண்டில் 100 நாள் குடும்பத்தோடு இருக்கலாம் என்ற இலக்கை அரசு பேசிவந்தாலும், ஆள்பற்றாக்குறையுள்ள சாவடியில் விடுப்பு எளிதல்ல. இவற்றை அறிந்தபின்னும் விருப்பம் குறையாதவரே இதற்குத் தகுந்தவர்.

விண்ணப்பிக்கும் முன் உடலைச் சோதித்துக்கொள்வது செலவில்லாத முன்னெச்சரிக்கை. ஆண் கான்ஸ்டபிளுக்குப் பொதுவாக 170 சென்டிமீட்டர் உயரமும், 24 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் ஓட்டமும் வேண்டும். பெண்ணுக்கு 157 சென்டிமீட்டரும், எட்டரை நிமிடத்தில் 1.6 கிலோமீட்டரும். ஓட்டத்தை உழைத்து எட்டிவிடலாம். தட்டைப் பாதம், முட்டி இடிக்கும் கால், நிறக்குருடு ஆகியவற்றால் மருத்துவத் தேர்வில் கடைசி நேரத்தில் வெளியேறுவோர் உண்டு. கண்ணாடி இல்லாமல் பார்வை தெளிவாக இருக்க வேண்டும். இரண்டாண்டு பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு மருத்துவரிடம் இவற்றைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

சுருக்கமாகச் சொன்னால், பல துறை அனுபவம் வேண்டுபவர் விருப்ப வரிசையில் பி.எஸ்.எஃப்.பை முதலில் எழுதலாம். மலையும் தனிமையும் ஒத்துக்கொள்பவர் ஐ.டி.பி.பி.யை, உளவிலும் மக்களோடு பழகுவதிலும் தேர்ந்தவர், குறிப்பாகப் பெண்கள், எஸ்.எஸ்.பி.யை; காட்டுப் போரே குறி என்பவர் அசாம் ரைஃபிள்ஸை; கடலை அறிந்தவர் கடலோரக் காவல் படைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். எந்தப் படையானாலும் படிப்பு இடம்தரும் மிக உயர்ந்த பதவியில் நுழையுங்கள். படைக்குள் போனபின் கமாண்டோ பிரிவுக்கு மனு போடலாம். எல்லையையும் பதவியையும் பிறகு மாற்றுவது கடினம்.