காசுக் கட்டுக்குள் ஓர் அறிவியல் பாடம்



அமெரிக்காவில் சிலருக்கு ஒரு வேடிக்கையான பொழுதுபோக்கு உண்டு. வங்கியில் பணத்தாளைக் கொடுத்து, காகிதத்தில் சுற்றிய சில்லறைக் காசுக் கட்டுகளை வாங்குவார்கள். வீட்டில் கட்டைப் பிரித்து ஒவ்வொரு காசாகப் பார்ப்பார்கள். அரிய காசு இருந்தால் எடுத்து வைப்பார்கள். மற்றவற்றை மீண்டும் வங்கியில் போட்டுவிடுவார்கள். செலவாவது நேரம் மட்டுமே. இந்தத் தேடலில் உங்கள் பாடநூலில் உள்ள பொருண்மை, அடர்த்தி, காந்தம், நிகழ்தகவு எல்லாமே வருகின்றன.

ஏன் தேடுகிறார்கள்?

1964-ஆம் ஆண்டு வரை அமெரிக்காவின் 10, 25, 50 சென்ட் காசுகளில் 90 விழுக்காடு வெள்ளி இருந்தது. வெள்ளியின் விலை ஏறியதால் 1965-இல் சட்டம் மாறியது. 10, 25 சென்ட் காசுகளிலிருந்து வெள்ளி முற்றாக நீக்கப்பட்டது. 50 சென்ட் காசில் அது 40 விழுக்காடாகக் குறைந்தது. 1971 முதல் புழக்கத்திற்கு வந்த 50 சென்ட் காசிலும் வெள்ளி இல்லை.

மக்கள் என்ன செய்தார்கள்? வெள்ளிக் காசைப் பெட்டியில் வைத்துக்கொண்டு புதுக் காசைச் செலவழித்தார்கள். முகமதிப்பு ஒன்றாக இருக்கும்போது, உலோக மதிப்புக் குறைந்த காசு, மதிப்பு மிகுந்த காசைப் புழக்கத்திலிருந்து விரட்டிவிடும். இதைக் கிரெஷாம் விதி என்பார்கள். விரட்டப்படாமல் தப்பிய காசுகளையே இவர்கள் தேடுகிறார்கள்.

தராசு சொல்லும் செய்தி

முதலில் 1 சென்ட் காசை எடுத்துக்கொள்வோம். 1982-ஆம் ஆண்டில் இதன் உலோகம் மாற்றப்பட்டது. அதற்கு முன் அதில் 95 விழுக்காடு செம்பு; ஒரு காசின் பொருண்மை 3.11 கிராம். மாற்றத்திற்குப் பின் உள்ளே துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு, பொருண்மை 2.5 கிராம். 1982-ஆம் ஆண்டு பொறித்த காசுகளில் இரு வகையும் உண்டு. அங்கே ஆண்டைப் பார்த்துப் பயனில்லை. நிறுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. பிறகு எடை ஏன் வேறுபடுகிறது? அடர்த்திதான் காரணம். பழைய கலப்புலோகத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8.9 கிராம்; துத்தநாகத்தின் அடர்த்தி ஏறத்தாழ 7.1 கிராம். ஒரு கட்டில் 50 காசுகள். எல்லாம் பழையவை என்றால் 155.5 கிராம், எல்லாம் புதியவை என்றால் 125 கிராம். சமையலறைத் தராசே இந்த வேறுபாட்டைக் காட்டிவிடும்.

தராசு தடுமாறும் இடம்

இதே வழி 50 சென்ட் காசுக்கும் பொருந்துமா? வெள்ளியில்லாத காசு 11.34 கிராம். 40 விழுக்காடு வெள்ளிக் காசு 11.5 கிராம். வேறுபாடு வெறும் 0.16 கிராம்! 20 காசுகள் கொண்ட கட்டில் ஒன்று மட்டும் இப்படிப்பட்டது என்றால், காசுகளின் தேய்மானமும் சுற்றிய காகிதத்தின் எடையும் அந்தச் சிறு வேறுபாட்டை மறைத்துவிடும். அளக்க வேண்டிய வேறுபாட்டைவிடப் பிழை பெரிதாக இருந்தால், அந்த அளவீட்டை நம்ப முடியாது.

அதனால் இங்கே கண்ணே நல்ல கருவி. வெள்ளியில்லாத காசின் விளிம்பில், நடுவே உள்ள செம்பு பழுப்புக் கோடாகத் தெரியும். 90 விழுக்காடு வெள்ளிக் காசின் விளிம்பு முழுவதும் வெண்மையாக இருக்கும். விளிம்பைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் ஆண்டைப் படித்து உறுதிசெய்யலாம்.

காந்தம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

இரண்டாம் உலகப் போரில் செம்பு தேவைப்பட்டதால், 1943-இல் 1 சென்ட் காசு துத்தநாகம் பூசிய எஃகில் செய்யப்பட்டது. அது காந்தத்தில் ஒட்டும். தவறுதலாகப் பழைய உலோகத்தில் அச்சான 1943-ஆம் ஆண்டுக் காசுகள் மிகச் சில உள்ளன. அவற்றின் விலை மிக அதிகம். ஆகவே, எஃகுக் காசுக்குச் செம்பு பூசி ஏமாற்றுவோரும் உண்டு.

செம்பு நிறத்தில் உள்ள 1943-ஆம் ஆண்டுக் காசு காந்தத்தில் ஒட்டினால், அது அந்த அரிய காசு அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். ஒட்டவில்லை என்றால் அது உண்மையானதா? அப்படிச் சொல்ல முடியாது. 1948-ஆம் ஆண்டுக் காசில் 8-ஐச் சுரண்டி 3 ஆக்கியிருக்கலாம். ஒரு சோதனை ஒரு கூற்றைப் பொய் என்று காட்டக்கூடும். அதே சோதனை அதை மெய் என்று நிறுவிவிடாது. இணையத்தில் யாராவது, "இந்தப் பழைய காசு ஆயிரக்கணக்கான ரிங்கிட் பெறும்" என்று சொல்லும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

வெறுங்கட்டு

பத்துக் கட்டுகளைப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. உடனே நாட்டில் வெள்ளிக் காசே இல்லை என்று முடிவு செய்யலாமா? கூடாது. அந்தக் கட்டுகளை உங்களுக்கு முன் இன்னொருவர் தேடிவிட்டு வங்கியில் போட்டிருக்கலாம். மாறாக, யாரோ தாத்தாவின் உண்டியலை அப்படியே வங்கியில் கொட்டியிருந்தால், ஒரே கட்டில் பல வெள்ளிக் காசுகள் கிடைக்கலாம். மாதிரி எப்படி வந்தது என்று தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது.

புளி வேண்டாம்!

பழைய காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. புளியின் அமிலம் செம்பின் மேலுள்ள ஆக்சைடைக் கரைக்கும்; தேய்த்தால் கீறலும் விழும். இயற்கையாகப் படிந்த அந்த மேற்படலத்தையே சேகரிப்பாளர்கள் விரும்புகிறார்கள். பளபளப்பாக்கிய காசின் விலை குறைந்துவிடும்.

செய்து பாருங்கள்

1. நம் நாட்டில் 2008 ஏப்ரல் முதல் கடைகளில் மொத்தத் தொகையை 5 சென்னுக்கு முழுமையாக்குகிறார்கள். அதனால் பல வீடுகளில் 1 சென் காசுகள் டின்னில் தூங்குகின்றன. அவற்றை ஆண்டுவாரியாக அடுக்கிக் காந்தத்தை அருகில் கொண்டுசெல்லுங்கள். 1967-ஆம் ஆண்டுக் காசு வெண்கலம், ஒட்டாது. பிற்காலக் காசுகளுக்கு உள்ளே எஃகு, ஒட்டும். உங்கள் டின்னில் ஒட்டாத காசுகளின் ஆண்டுகளை அட்டவணைப்படுத்துங்கள்.

2. அமெரிக்க 1 சென்ட் காசுகள் 50 சேர்ந்து 131.1 கிராம் உள்ளன. பழைய செம்புக் காசுகள் எத்தனை? பழையவை x என்று கொள்ளுங்கள்:

3.11x + 2.5(50 − x) = 131.1

விடை 10. அதே 50 காசுகளை 1 கிராம் துல்லியமுள்ள தராசில் நிறுத்தால், இந்த விடை எவ்வளவு மாறக்கூடும்? அதை நீங்களே கண்டுபிடித்து, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.