பின்னை உருவும் முன் கல்லைப் போடு

அன்புள்ள கயல்,

வானூர்ப் பக்கம் சொந்தமாக கேஸ் சூளை கட்டப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகுதான் நம் பக்கத்தில் ஸ்டோன்வேர் வேலை வேர்பிடித்தது. அந்த மண்ணில் நீயும் சூளை போடப் போகிறாய் என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

முதலில் ஃபயர் பிரிக் வந்து சேரவேண்டும். ஒரு கல் ஏறக்குறைய 4 கிலோ. 500 கல் 2 டன். டிராக்டர்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதே, நீயே நின்று ஏற்று. இரண்டு சக்கர டிரெய்லரில் பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் கொக்கி மேலே தூக்கும், டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடி போய்விடும். இறக்கும்போது பின்பக்கத்துக் கல்லை முதலில் இறக்கு. நான் ஒருமுறை முன்பக்கத்தைக் காலி செய்துவிட்டுக் கொக்கியின் பின்னை உருவினேன். டிரெய்லரின் ஏர்க்கால் துள்ளி என் தாடைக்கு ஒரு சாண் தூரத்தில் போயிற்று. அன்றிலிருந்து, பாரத்தை முழுக்க இறக்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் போடாமல் பின்னைத் தொடுவதில்லை.

சூளைக்கான கேஸ் சிலிண்டரைப் பள்ளத்தில் வைக்காதே. இந்த கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். இணைப்புகளைச் சோப்புத் தண்ணீரால் சோதித்துப் பார். பர்னர் அணைந்துவிட்டால் உடனே பற்றவைக்கக் கை பரபரக்கும். கூடாது. வால்வை மூடு, கதவைத் திற, உள்ளே தேங்கிய கேஸ் வெளியேறும்வரை காத்திரு. பிறகு, முதலில் நெருப்பு, அதன்பின் கேஸ். அதிகமாக உறிஞ்சினால் 19 கிலோ சிலிண்டரின் மேல் பனி படிந்து அழுத்தம் இறங்கும். அதற்கு நெருப்புக் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நீ அதைச் செய்யவே செய்யாதே. நாலைந்து சிலிண்டரைச் சேர்த்து இணைத்துவிடு.

ஈரப் பானை வெடிக்கும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். 573 டிகிரியை மட்டும் மறக்காதே. அங்கே மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென்று உப்பும். இறங்கும்போது அதே இடத்தில் சுருங்கும். ஏற்றத்திலும் இறக்கத்திலும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்க விடு. 900-ஐத் தாண்டியதும் புகைபோக்கி டேம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்து. பார்வைத் துளையில் இளந்தீ எட்டிப் பார்த்தால் போதும். கரும்புகை கக்கினால் கேஸ்தான் வீண், சூடு ஏறாது. அந்த நேரத்தில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கொட்டகையின் பக்கங்களைத் திறந்தே வை, உள்ளே தூங்காதே.

சூடு காட்டும் மீட்டரை மட்டும் நம்பாமல் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் சூட்டில் வளையும் கோன் வை. சூளை ஆறி, வெறுங்கையால் பானையைத் தொட முடிகிற நாளில் அந்த இரண்டு கோனையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வா. எது எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்த்தால், அடுத்த முறை டேம்பரை எங்கே நிறுத்துவது என்று பேசலாம்.

அன்புடன்,
மாமா