குடும்ப இரவும் குழந்தைகளின் விளையாட்டும்

குடும்ப செபம் முடிந்தபின் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? செபமாலையைத் தவறாது சொல்லும் வீடுகளிற்கூட, அது முடிந்ததும் தந்தை செய்தி பார்க்கப் போய்விடுகிறார். தாய் குசினிக்குள் போய்விடுகிறார். மூத்த பிள்ளை பாடப் புத்தகத்தோடும் இளைய பிள்ளை கைத்தொலைபேசியோடும் ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கிவிடுகின்றனர். ஒன்றாக முழந்தாளிட்டவர்களுக்கு ஒன்றாகச் சிரிக்க நேரமில்லை. வாரத்தில் ஓர் இரவையாவது குடும்ப இரவாக ஒதுக்கி, சிறு பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்ந்து பாம்பும் ஏணியுமோ, லூடோவோ, கரமோ விளையாடுவது பெற்றோரின் கடமைகளுள் ஒன்று என்று சொன்னால் சிலர் வியப்படையலாம். ஆயினும் அதனையே இவ்வாரம் சிந்திப்போம்.

விளையாட்டும் புண்ணியமும்

13ம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைவல்லுநர் புனித தோமஸ் அக்குவினாஸ், தமது இறையியல் தொகுப்பு நூலில் விளையாட்டைப் பற்றியும் ஆராய்கிறார். களைத்த உடலுக்கு ஓய்வு தேவைப்படுவது போல, களைத்த உள்ளத்திற்கு விளையாட்டுத் தேவை என்பது அவருடைய போதனை. பழைய துறவிகள் வழங்கிய ஒரு வரலாற்றையும் அவர் அங்கே எடுத்துக் கூறுகிறார். நற்செய்தியாளரான அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருக்கக் கண்டு சிலர் இடறல்பட்டனராம். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனை அம்பு எய்யும்படி அவர் சொன்னார். பல முறை எய்தபின், இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். அப்படிச் செய்தால் வில் முறிந்துவிடும் என்றான் அவன். ஓயாது இறுக்கிப் பிடித்த மனித உள்ளமும் அவ்வாறே முறியும் என்று அருளப்பர் விளக்கினார். விளையாட்டில் அளவு மீறுவதைக் கண்டிக்கும் அக்குவினாஸ், தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாயிருப்பதையும் குற்றமென்றே சொல்லுகிறார்.

இளைஞரின் தந்தையான புனித தொன் பொஸ்கோ 1884ம் ஆண்டு உரோமையிலிருந்து தமது சபையாருக்கு எழுதிய கடிதத்தில் இதனையே வேறு விதமாக வற்புறுத்தினார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாம் நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவும் வேண்டும் என்றார். அதற்கு வழி, அவர்கள் விரும்பும் விளையாட்டைப் பெரியவர்களும் விரும்புவதே. சிறுவரோடு ஓடியாடிய பெரியவர்கள் எட்ட நின்று கண்காணிப்பவர்களாக மாறிவிட்டதே அவருடைய கவலை. நம் வீடுகளையும் அக்கவலை தொடுகிறதல்லவா?

நம் ஆண்டவரும், சந்தை வெளியில் குழல் ஊதி விளையாடும் சிறுவரைத் தம் போதனைக்கு உவமையாக எடுத்தார் என்பதைப் புனித லூக்காஸ் நற்செய்தியின் 7ம் அதிகாரத்தில் காண்கிறோம்.

பாம்பின் வாயில் விழுதல்

பாம்பும் ஏணியும் விளையாட்டில் 100 கட்டங்கள் உள்ளன. திறமைக்கு அங்கே இடமில்லை. விழும் எண்ணின்படியே காய் நகரும். ஆகவே ஐந்து வயதுப் பிள்ளைக்கும் நாற்பது வயதுத் தந்தைக்கும் வெல்லும் வாய்ப்பு ஒன்றே. வீட்டில் வேறெந்தக் காரியத்திலும் பிள்ளைக்குக் கிட்டாத சமத்துவம் இது. தந்தையும் பாம்பின் வாயில் விழுகிறார், விழுந்தும் சிரிக்கிறார், தம் முறை வரும்வரை காத்திருக்கிறார். பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இவ்விளையாட்டு இந்தியாவில் தோன்றியது. பரமபதம் எனத் தமிழில் வழங்கும் பழைய பலகையில் ஏணிகள் நற்குணங்களையும் பாம்புகள் தீக்குணங்களையும் குறித்தன. இன்று கடைகளில் வாங்கும் பலகையில் பெரும்பாலும் எண்கள் மாத்திரமே உண்டு. கரையேறும் வேளையில் காய் பாம்பின் வாயில் விழுந்தால், அதற்குப் பிள்ளை செய்த குற்றம் எதுவுமில்லை. எல்லா வீழ்ச்சியும் தண்டனை அல்ல என்பதைச் சிறு பிள்ளைக்கு இதைவிட எளிதாக விளக்க முடியாது.

இப்பாடம் ஏன் அவசியம்? பத்து வயதில் நம் பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைந்த பிள்ளை, அன்று தந்தையின் முகத்தைப் பார்க்கத் துணிவின்றி வாசலிலே நிற்கிறது. தோல்வியை அது முதன்முதலாகச் சந்திப்பது அன்றுதானா? தோற்றவரையும் அன்பு கைவிடுவதில்லை என்பதை அது ஏற்கெனவே தன் வீட்டுப் பாயில் நூறு முறை கண்டிருக்க வேண்டாமா?

ஆதலால் பிள்ளை அழுமென்று பயந்து எப்போதும் தாமே தோற்றுக் கொடுப்பது பெற்றோர் செய்யும் நன்மையன்று. கரம், டாம் போன்ற திறமை விளையாட்டுகளில் சிறியவருக்குச் சலுகை தேவையாயின், அதனைத் தொடங்குமுன் வெளிப்படையாகக் கொடுங்கள். மறைவாக விட்டுக்கொடுத்ததைப் பிள்ளை ஒரு நாள் கண்டுபிடிக்கும். அன்று அதன் வெற்றிகளெல்லாம் பொய்யாகிவிடும்.

நடைமுறைக்குச் சில

1. வாரத்தில் ஒரே நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறியவர்களுக்கு அரை மணி நேரம் போதும். அந்நேரம் எல்லாக் கைத்தொலைபேசிகளும், தந்தையுடையது உட்பட, வேறு அறையில் இருக்கட்டும்.

2. மூன்று, நான்கு வயதினர் மூத்தவரோடு சேர்ந்து காயை நகர்த்தட்டும். ஐந்து வயதில் பாம்பும் ஏணியும், ஏழு வயதளவில் லூடோவும் கரமும், அதற்கு மேல் டாமும் நாயும் புலியும் பொருந்தும். கடைப் பலகை இல்லாவிட்டால் மட்டையில் கோடு கீறி, புளியங்கொட்டையைக் காயாக்குங்கள். சோகி இருந்தால் தாயமும் ஆடலாம்.

3. ஐந்து விழ ஆறு கட்டம் நகர்த்தும் பிள்ளையைக் கள்ளன் என்று ஏசாதீர்கள். “வா ராசா, திருப்பி எண்ணுவம்” என்று சொல்லி ஒன்றாக எண்ணுங்கள். நேர்மை அப்படித்தான் படியும்.

4. தோற்ற பிள்ளை அழுதால் அழ விடுங்கள். கேலி செய்ய எவரையும் விடாதீர்கள். அடுத்த வார விளையாட்டைத் தெரிவு செய்யும் உரிமையைத் தோற்றவருக்கே கொடுங்கள்.

5. பலகையில் காசு வைக்க வேண்டாம். ஒரு குடும்பத்தின் சாப்பாட்டையும் படிப்பையும் பறிக்கும் சூதைத் திருச்சபை கண்டிக்கிறது. சிலுவையடியில் சேவகர் ஆண்டவரின் உடைக்குச் சீட்டுப் போட்டதை நினைத்துக்கொள்வோம்.

தகப்பனோ தாயோ வெளிநாட்டில் உழைக்கும் வீடுகள் நம்மிடையே பல. அங்கே அம்மம்மாவோ, அப்பப்பாவோ, மாமாவோ பாயில் அமரட்டும். யாராவது ஒரு பெரியவர் தன்னோடு அமர்ந்தார் என்பதே பிள்ளைக்கு வேண்டியது.

குடும்பம் ஓர் இல்லத் திருச்சபை என்று 2ம் வத்திக்கான் சங்கம் 1964ம் ஆண்டு போதித்தது. அந்தத் திருச்சபையில் செபமாலைக்கு விரித்த பாயைச் சுருட்டுமுன், இன்னும் அரை மணி நேரம் அதிலேயே அமர்ந்திருங்கள்.

அன்பியக் கூட்டங்களில் கலந்துரையாட:

1. கடந்த மாதத்தில் நம் பிள்ளைகளோடு எத்தனை முறை விளையாடினோம்? தடையாயிருந்தது எது?

2. பிள்ளை பரீட்சையிலோ போட்டியிலோ தோற்றபோது நாம் சொன்ன முதல் வார்த்தை என்ன?

3. நம் அயலில் விளையாட ஆளின்றித் தனித்திருக்கும் பிள்ளை உண்டா? அதனையும் நம் பாய்க்கு அழைக்கலாமா?