புனல், பலூன், ஒரு தாள் செய்முறை

மரக்காணம் உப்பளங்களுக்கும் ஆரோவிலுக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊரில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒலியியல் பாடம் முடிந்ததும் புனல், பலூன், ரப்பர் குழாய் கொண்டு ஸ்டெதாஸ்கோப் செய்ய வைப்பேன். இதயத் துடிப்பு கேட்டதும் வகுப்பே கூச்சல் போடும், அத்தோடு முடிந்துவிடும். இந்த ஆண்டு வேறு மாதிரி செய்து பார்த்தேன்.

2012-இல் காஸாவில் போர் நடந்தபோது அல்-ஷிஃபா மருத்துவமனையில் ஸ்டெதாஸ்கோப்புக்குத் தட்டுப்பாடு. மருத்துவர்கள் நோயாளியின் மார்பில் காதை வைத்துக் கேட்டார்கள். அங்குப் பணியாற்றிய கனடா மருத்துவர் தாரிக் லூபானிக்கு, உறவுக்காரச் சிறுவனின் பொம்மை ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்து ஒரு யோசனை பிறந்தது. அவருடைய கிலியா குழு, 3டி பிரிண்டரில் அச்சிடும் ஸ்டெதாஸ்கோப்பை வடிவமைத்து, வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. இதுவே திறந்த மூல வன்பொருள். விலை உயர்ந்த கருவியோடு ஒப்பிட்டுச் சோதித்த முடிவையும் 2018-இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள்.

கதையை விட அதன் பொருள் பட்டியல்தான் என் மாணவர்களை நிமிர வைத்தது. அதிரும் சவ்வுக்கு ஃபைல் உறையின் பிளாஸ்டிக் தாள், 40 மி.மீ. விட்டத்தில் வெட்டியது. "அது என்ன கணக்கு டீச்சர், 40?" என்றான் ஒருவன். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். முதல் குழு ஸ்டெதாஸ்கோப் செய்து, செய்முறையை ஒரு தாளில் எழுத வேண்டும். அடுத்த அறையில் இருக்கும் இரண்டாம் குழு, அந்தத் தாளை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். பேசக் கூடாது. இரண்டாம் குழுவின் கருவியில் ஒன்றுமே கேட்கவில்லை. "பலூனை நன்றாக இழுத்துக் கட்டவும்" என்று எழுதியிருந்தார்கள். நன்றாக என்றால் எவ்வளவு?

உப்பளத் தொழிலாளியின் மகன் ஒருவன் எழுந்தான். "எங்கப்பா கண்ணால பாத்தே பக்குவம் சொல்லிடுவாரு. ஆனா புதுசா வர்றவங்களுக்கு மீட்டர்ல 25 டிகிரினு காட்டுனாதான் புரியும்." உப்பு படியத் தொடங்கும் பாமே அளவைத்தான் சொன்னான். ஆரோவிலில் கொத்து வேலை செய்பவரின் மகள், மண் கல்லுக்கு 5 சதவீத சிமெண்ட் என்றாள். பாடம் என் கையை விட்டுப் போய்விட்டது, நல்ல விதமாகத்தான்.

இரண்டாம் வரைவில் பலூனை எங்கே வெட்டுவது, குழாய் எவ்வளவு நீளம் என்று எழுதினார்கள். கடைசியில் ஒரு சோதனையும் சேர்த்தார்கள்: சவ்வை விரலால் மெல்லத் தட்டினால் குழாய் முனையில் ஒலி கேட்க வேண்டும். இம்முறை கேட்டது. (காதில் குழாய் இருக்கும்போது புனலுக்குள் யாரும் கத்தக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்தேன். ஒரு பாடவேளையும் போதாது, இரண்டு வேண்டும்.)

2020-இல் மும்பை மேக்கர்ஸ் அசைலம் தொடங்கிய முயற்சியில், பல ஊர்க்காரர்கள் சேர்ந்து 49 நாளில் 10 லட்சம் முகக் கவசங்கள் செய்ததையும் சொன்னேன். பிளாஸ்டிக் தாளை வெட்டி மடிக்கும் எளிய வடிவம். அதனால்தான் அவ்வளவு வேகம்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ ஆக்சிஜன் மிஷினையும் நாமளே செஞ்சிருக்கலாமா?" 2021-இல் அவள் தாத்தா ஆக்சிஜன் படுக்கைக்குக் காத்திருந்து இறந்தவர். வகுப்பு அமைதியானது. ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது, சொல்லவில்லை. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அழுத்தத்தில் அதைச் சியோலைட் பிடித்துக்கொள்ள, ஆக்சிஜன் மிகுந்த காற்று வெளிவருகிறது என்று கரும்பலகையில் வரைந்தேன். மேக்கர்ஸ் அசைலம் 2021-இல் அதற்கும் திறந்த வடிவமைப்பில் இறங்கியது. ஆனால் வரைபடம் கையில் இருந்தாலும் தரமான சியோலைட் வேண்டும், எண்ணெய் கலக்காத கம்ப்ரசர் வேண்டும், வெளிவரும் காற்றில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அளந்து பார்க்கவும் வேண்டும் என்றேன்.

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. மணி அடித்த பிறகு செய்முறைத் தாளை வாங்கி, தலைப்புக்குக் கீழே ஒரு வரி சேர்த்துக் கொடுத்தாள்: "இது வகுப்பில் கேட்டுப் பார்க்க மட்டும். நோயாளிக்கு வைக்கும் முன் டாக்டர் சோதிக்க வேண்டும்."