முற்றத்தில் நிற்கும் சைக்கிளே ஒரு பள்ளிக்கூடம்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா சொன்னார்: "மகளுக்குப் பள்ளிக்கூடத்துல சைக்கிள் குடுத்தாங்க மேடம். ஆனா அறிவியல்தான் மண்டையில ஏறலைன்னு சொல்றா. படிப்பை நிறுத்திட்டு என்கூட பயர் ஆபீசுக்கு வரட்டும்னு பாக்கேன்."

"அந்தச் சைக்கிளைக் கொண்டு வரச் சொல்லுங்கக்கா" என்றேன். தலைகீழாக நிறுத்தினோம். அன்று படித்த பாடத்தைத்தான் இங்கே தருகிறேன்.

சைக்கிளும் படிப்பும் கைகோத்தது நமக்குப் புதிதல்ல. 1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. கல் குவாரியில் பாடுபட்ட பெண்கள்கூட ஓட்டினார்கள். அன்று ஓட்டக் கற்றோம். இன்று அது எப்படி ஓடுகிறது என்று கற்போம்.

பாடம் 1: பல் கணக்கு

பெடலோடு உள்ள பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணுங்கள். முன்னால் 44, பின்னால் 18 என்று வைத்துக்கொள்வோம். 44-ஐ 18-ஆல் வகுத்தால் ஏறக்குறைய இரண்டரை. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் இரண்டரைச் சுற்று சுற்றும். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, பெடலை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பிறகு டயரைச் சுற்றி நூல் வைத்து அளங்கள். 2 மீட்டர் இருந்தால், ஒரு மிதிக்கு 5 மீட்டர் போகிறோம். (செயினில் விரலும் தாவணியும் மாட்டாமல் ஜாக்கிரதை!)

பாடம் 2: காற்று

டயருக்குக் காற்றடித்ததும் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். பஞ்சரான டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வருகிறதே, உள்ளே அழுத்தம் அதிகம், அதனால் காற்று வெளியே ஓடுகிறது.

பாடம் 3: உராய்வு

பிரேக் பிடித்தால் ரப்பர் கட்டை ரிம்மில் தேய்கிறது. வண்டி நிற்கிறது, கட்டை சூடாகிறது. இதுதான் உராய்வு. அச்சில் உராய்வு வேண்டாம், அதனால் பால்ரஸ் குண்டும் கிரீசும் போடுகிறோம்.

இதே உராய்வை நாம் தினமும் பார்க்கிறோம். தீக்குச்சியைப் பெட்டியின் பக்கத்தில் உரசினால் சூடு பிறந்து பற்றிக்கொள்கிறது. பட்டாசு மருந்தும் அப்படித்தான். மருந்து உள்ள அறையில் தேய்க்காதே, இழுக்காதே, இரும்புக் கருவி வைக்காதே என்று சொல்வதன் காரணம் இதுதான். பிரேக்கைப் புரிந்துகொண்டவளுக்கு அந்த ஆபத்தும் புரியும்.

இதைச் சொன்னபோது கூட்டம் அமைதியாகிவிட்டது. விபத்தைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 18 வயது நிறையாதவர்களை வெடிமருந்து வேலையில் சேர்க்கக் கூடாது. மகள் எந்திரத்தில் ஆர்வம் காட்டினால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு முடித்தாலே சேரலாம். அரசுப் பள்ளி மாணவிகள் மேலே படிக்க மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. விவரத்தைத் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

"பஞ்சர் ஒட்டுறது ஆம்பளைப் புள்ள வேலை" என்று சொல்லாதீர்கள். ஸ்பேனரை மகள் கையில் கொடுங்கள். கழற்றட்டும், மாட்டட்டும். கை செய்ததை மண்டை மறக்காது.

அந்த அக்கா இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் கிளம்பும்போது மகள் கேட்டாள்: "ஏறு ரோட்டுல மிதிக்க ஏன் கஷ்டமா இருக்கு மேடம்?" அறிவியல் மண்டையில் ஏறாத பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

அடுத்த கூட்டத்தில் பேச:

1. உங்கள் வீட்டுச் சைக்கிளில் முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல்?
2. நாம் வேலை செய்யும் இடத்தில் எங்கெல்லாம் உராய்வு உண்டாகிறது?
3. நம் குழுவில் படிப்பை நிறுத்தும் நிலையில் எந்த வீட்டுப் பிள்ளை இருக்கிறது? குழு என்ன செய்யலாம்?