காட்டுத் தேனீயும் பூவும் நுண்ணுயிரும்

முன்னுரை

குறுந்தொகையின் இரண்டாம் பாடலை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த ஒருநாள், மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, தும்பி என்பது எது? தட்டானா?” என்று வினவினார். பூந்தாதை நாடி வாழும் தும்பியை விளித்து, ‘நீ அறிந்த பூக்களுள் என் தலைவியின் கூந்தலினும் மணமுடையது உண்டோ?’ என்று தலைவன் கேட்பதாக இறையனார் பாடிய பாடல் அது. “வண்டினத்துள் ஒரு வகை” என்று விடையளித்தேன். அவ்விடை அம்மாணவருக்கு நிறைவளிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் நிறைவளிக்கவில்லை. பாட்டின் நயத்தைப் பக்கம் பக்கமாக விளக்க வல்ல நான், பாட்டுக்குரிய உயிரைச் சுட்டிக்காட்ட இயலாமல் நின்றேன். அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

பெயர்கள் பல

வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று பூவை நாடும் சிற்றுயிர்களுக்குப் பழந்தமிழர் பல பெயர்களை வழங்கினர். தொல்காப்பிய மரபியல், தும்பியை நண்டோடு சேர்த்து நான்கறிவுடைய உயிராக வகுத்துள்ளது. திருக்குர்ஆனின் பதினாறாம் அத்தியாயம் தேனீயின் பெயராலேயே ‘அந்நஹ்ல்’ என வழங்குகிறது. மலைகளிலும் மரங்களிலும் மனிதர் கட்டுபவற்றிலும் தேனீ கூடமைப்பதை அவ்வத்தியாயம் எடுத்துரைக்கிறது.

ஆயினும் தேனீ என்றதும் நம் நினைவிற்கு வருவது தேன் ஒன்றே. மலைத்தேனீ, அடுக்குத் தேனீ, கொம்புத் தேனீ, கொசுத் தேனீ என்னும் நான்கைக் கடந்து நாம் எண்ணுவதில்லை. உலகில் ஏறத்தாழ 20,000 தேனீ இனங்கள் உள்ளன. இந்தியாவில் மட்டும் 700-க்கும் மேற்பட்டவை உண்டு. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை. நமக்குத் தேன் தருவதுமில்லை. அரசியும் படையும் இன்றி, ஒவ்வொரு தாயும் தானே கூடமைத்து, தானே உணவு தேடி, தன் மக்களுக்கு வழிவகுத்துச் செல்கிறாள். இவற்றைத் தனித்தேனீக்கள் என்பர்.

நம் வீட்டு உத்தரத்திலும் பந்தற்காலிலும் வட்டமாகத் துளையிடும் கருவண்டு இத்தகைய காட்டுத் தேனீக்களுள் ஒன்றே. மரத்தைக் குடைவதால் அதனைத் தச்சுத் தேனீ என்பர். ரோசாச் செடியின் இலை விளிம்பைக் கத்தரித்தாற்போல வட்டமாக நறுக்கிச் செல்வது இலைவெட்டித் தேனீ. நாம் நாள்தோறும் காண்பவை இவை. தேனீ என்று அறியாமலே காண்கிறோம்.

இரவில் பூ நாடும் தேனீ

இத்தகைய தேனீக்களின் வாழ்வை நம் நாட்டில் நுணுகி ஆராய்ந்தவர்களுள் ஹேமா சோமநாதன் குறிப்பிடத்தக்கவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ரெனீ போர்ஜஸ் அம்மையாருடன் இணைந்து, மகாராட்டிர மாநிலத்து மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள பீமாசங்கர் காட்டில் அவர் ஆய்வு செய்தார். பாதிரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பூக்களை இரவு நேரத்தில் தச்சுத் தேனீக்கள் நாடி வந்து மகரந்தச் சேர்க்கை செய்வதை 2001-இல் வெளியான அவர்களது கட்டுரை எடுத்துக்காட்டியது.

பின்னர் சுவீடன் நாட்டு அறிஞர்களுடன் சேர்ந்து நடத்திய ஆய்வு மேலும் வியப்பளித்தது. அங்கு வாழும் தச்சுத் தேனீ இனங்களுள் ஒன்று, நிலவில்லா இருளிலும் பூவைத் தேடிச் சென்று தன் கூட்டுக்குப் பிழையின்றித் திரும்புகிறது. பகலில் பறக்கும் தேனீக்களுக்கு உள்ள அதே அமைப்பிலான கண்களைக் கொண்டே அது இவ்வரிய செயலை ஆற்றுகிறது. இவ்வினத்தின் அறிவியற்பெயர் ‘சைலோகோப்பா டிராங்குபாரிக்கா’. டிராங்குபார் என்பது நம் தரங்கம்பாடியே. டேனியர் ஆட்சியில் அவ்வூர் இருந்த காலத்தில், 1804-இல், டென்மார்க் அறிஞர் ஃபப்ரீசியுஸ் இப்பெயரைச் சூட்டினார். தமிழகத்து ஊரின் பெயரைத் தாங்கி ஒரு தேனீ இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகறிய வாழ்ந்து வருகிறது. தமிழ் கற்றோருள் அதனை அறிந்தோர் எத்துணைப் பேர்? ஹேமா சோமநாதன் பின்னர் நமக்கு அண்மையில், மலைக்கு அப்பால், திருவனந்தபுரத்து இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் தேனீ ஆய்வைத் தொடர்ந்தார்.

தாய் பிசைந்து வைத்த உணவு

பூவும் தேனீயும் கொண்ட உறவில் மூன்றாவது உறவினர் ஒருவர் உண்டு என்பதை அண்மைக்கால ஆய்வுகள் புலப்படுத்தியுள்ளன. அவர் கண்ணுக்குத் தெரியாதவர், நுண்ணுயிரே அவர்.

தனித்தேனீயின் தாய் கூட்டினுள் அறை அறையாகத் தடுத்து, ஒவ்வோர் அறையிலும் மகரந்தத்தைப் பூந்தேனுடன் பிசைந்து உருண்டையாக வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு அறையை அடைத்துவிடுகிறது. வெளிவரும் புழுவுக்கு அவ்வுருண்டையே முழு உணவு. இலைவெட்டித் தேனீ போன்றவற்றில் தாயும் சேயும் ஒன்றையொன்று காண்பதே அரிது. கூட்டமாக வாழும் தேனீக்கள் தமக்கு வேண்டிய நுண்ணுயிர்களைத் தம் இனத்தாரோடு பழகிப் பெறுகின்றன. இத்தனிப் பிள்ளைக்கு அவை எங்கிருந்து கிடைக்கும்?

இவ்வினாவுக்கு அமெரிக்கக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குவின் மெக்ஃபிரெடரிக்கும் அவர் குழுவினரும் 2017-இல் விடை கூறினர். இலைவெட்டித் தேனீக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுத் தேனீக்களிடத்தும் அவை நாடும் பூக்களிடத்தும் ஒரே வகை நுண்ணுயிர்கள் காணப்பட்டன. பூவே நுண்ணுயிர்கள் கைமாறும் சந்தை என்பது இதனால் விளங்கியது. தயிரை உறையச் செய்யும் நுண்ணுயிரின் உறவுக் குடும்பத்தைச் சேர்ந்த புதிய இனம் ஒன்றுக்கு, தேனீ ஆய்வில் பேரறிஞராகத் திகழ்ந்த சார்லஸ் மிச்சனரின் நினைவாக 2018-இல் பெயரிட்டனர்.

அந்நுண்ணுயிர் வெறும் விருந்தாளியா, இன்றியமையாத் துணையா? 2019-இல் பிரார்த்தனா தரம்பால், சான் ஸ்டெஃபன் முதலானோர் விசுகான்சினில் நடத்திய சோதனை இதனைத் தெளிவாக்கியது. தனித்தேனீ இனம் ஒன்றின் உணவு உருண்டையை நுண்ணுயிர் நீக்கிப் புழுக்களுக்கு அளித்தனர். நுண்ணுயிர் குறையக் குறைய, புழுக்களின் எடை குறைந்தது, வளர்ச்சி தாழ்ந்தது, பிழைத்தவையும் குறைந்தன. மகரந்தம் இருந்தது, ஆயினும் உணவு முழுமையாகவில்லை. அதே ஆண்டு ஸ்டெஃபன் குழுவினர், ஆறு குடும்பங்களைச் சேர்ந்த 14 தேனீ இனங்களை ஆராய்ந்து, தேனீப் புழுக்கள் மகரந்தத்தோடு அதில் வளரும் நுண்ணுயிர்களையும் உணவாகக் கொள்கின்றன என்று நிறுவினர். நம் இல்லங்களில் மாவு புளித்தால்தானே இட்லி? அதுபோலத் தாய்த்தேனீ பிசைந்து வைப்பதும் உயிருள்ள மாவே எனலாம்.

நம் ஊர்ப் பூக்கள்

சங்கரன்கோவில் கரிசல் மண்ணில் வாழும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தரிசு நிலமெங்கும் பொன்னாகப் பூக்கும் ஆவாரையைக் காண்க. அதன் மகரந்தப்பை முழுதும் விரிவதில்லை. நுனித்துளை வழியாகவே தாது வெளிவரும். தச்சுத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிரச் செய்து அத்தாதை உதிர்க்கிறது. கத்தரிப் பூவின் இயல்பும் இதுவே. பெட்டியில் வளர்க்கும் தேனீக்களுக்கு இவ்வித்தை தெரியாது. முருங்கைக்கும் தச்சுத் தேனீக்களே சிறந்த துணை என்பதை ஆந்திரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-இல் எடுத்துக்காட்டினர். நம் குழம்பில் மிதக்கும் கத்தரியும் முருங்கையும் இக்கருவண்டுக்குக் கடன்பட்டவை.

பூக்கும் பருவத்தில் பயிருக்குப் பூஞ்சைக்கொல்லி தெளிக்கிறோம். ‘இது பூச்சியைக் கொல்லாது, ஆகவே தேனீக்குக் கேடில்லை’ என்று கருதுகிறோம். ஆயின் குளோரோதலோனில் என்னும் பூஞ்சைக்கொல்லிக்கு உட்பட்ட பம்பிள் தேனீக் கூடுகளில் வேலைக்காரத் தேனீக்கள் குறைந்தும் தாயரசி சிறுத்தும் காணப்பட்டதை விசுகான்சின் ஆய்வாளர்கள் 2015-இல் கண்டனர். உணவிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அழிவதும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்பது அறிஞர் கருத்து. தேனீயைத் தொடாமலே அதன் பிள்ளையின் சோற்றில் கைவைக்க முடியும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் எச்சரிக்கை.

இங்கு ஒரு செய்தியை ஒப்புக்கொள்ள வேண்டும். சிறுவயதில் எங்கள் வீட்டுக் கொல்லைப் பந்தலின் மூங்கிலில் இருந்த துளைகளைக் களிமண் கொண்டு அடைத்து விளையாடியதுண்டு. கொட்டிவிடும் என்று உம்மா அதட்டுவார். வாப்பாவோ, “அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும், விடு” என்பார். அத்துளைக்குள் ஒரு தாய் பிசைந்து வைத்த உணவும் அதனை உண்ணும் பிள்ளைகளும் இருந்திருக்கும் என்பதை அறிந்தபோது எனக்கு நாற்பது வயது கடந்திருந்தது.

முடிவுரை

பூ வாட, தேனீ குறையும். தேனீ குறைய, பூ காய்க்காது. நுண்ணுயிர் அழிய, இரண்டும் தளரும். இம்மூன்றும் ஒரே முடிச்சு. அதனைக் காக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பட்ட கிளை ஒன்றையோ பழைய மூங்கில் ஒன்றையோ கொல்லையில் விட்டு வைக்கலாம். வேலியோர ஆவாரையை வேரோடு களையாதிருக்கலாம். பூத்திருக்கும் பயிரில் மருந்து தெளிப்பதைத் தவிர்க்கலாம். மாணவர்கள் தத்தம் ஊரில் இவ்வுயிர்களுக்குப் பெரியோர் வழங்கும் பெயர்களைக் கேட்டுக் குறித்து வைக்கலாம். உயிர் மறையும்போது அதன் பெயரும் மொழியிலிருந்து மறைந்துவிடும்.

இறையனாரின் தும்பி இன்ன இனமே என்று அறுதியிட்டுக் கூறுதல் எளிதன்று. ஆயினும் அம்மாணவர் மீண்டும் வினவுவாராயின், நூலை மூடி வைத்துவிட்டு, பூத்திருக்கும் ஆவாரஞ்செடியின் அருகே அவரை அழைத்துச் செல்வேன். தாதை நாடி வரும் கருவண்டை அவர் தம் கண்ணால் காணட்டும். பாட்டின் பொருள் அங்கிருந்து தொடங்கும்.