மதுவும் மனப்பதற்றமும்: கைபேசி வழியே ஒரு துணை



இம்முறை நாம் பாடமாக எடுத்துக்கொள்வது, அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழும் ஸ்பானிய வழி மக்களுள் மதுவும் மனப்பதற்றமும் ஒருங்கே பற்றியவர்க்குக் கைபேசிச் செயலியின் வாயிலாகத் துணைசெய்யும் முயற்சியைப் பற்றியதாகும். கடல்கடந்த விஷயமாயினும், மதுவைக் குறித்து மேடையில் பேசுவோர் யாவரும் அறியத்தக்கதென்று கருதி எழுதப் புகுந்தோம்.

இம்மக்கள் யாவர்? மெக்சிகோ, கியூபா, போர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு, நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய இடங்களிலிருந்து வந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஆவர். 2020ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் இவர்கள் தொகை 6 கோடியே 21 லட்சம். ஆராய்ச்சியாளர் பலர் இவர்களை 'லத்தினெக்ஸ்' என எழுதுவர். ஆனால் 2024இல் பியூ ஆய்வு நிலையம் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, அப்பெயரால் தம்மை அழைத்துக்கொள்வோர் நூற்றுக்கு 4 பேரேயாவர். உதவப் புகுவோன் எதிரிலுள்ளவன் தன்னை எப்பெயரால் அழைத்துக்கொள்கிறான் என்பதைக் கேளாது தொடங்கினால், முதற்படியிலேயே தடுக்கி விழுவான் அல்லனோ?

இவர்களுள் மதுவைத் தொடாதோர், வெள்ளையருள் தொடாதோரினும் மிகுதி. ஆயினும் குடிக்கத் தொடங்கியவர் அளவு மிகுத்துக் குடிப்பர். சிகிச்சைக்குச் செல்வோரோ குறைவு. மருத்துவக் காப்பீடின்மை ஒரு காரணம். ஸ்பானிய மொழியறிந்த மருத்துவர் போதாமை மற்றொன்று. போர்ட்டோ ரிக்கோவினர் பிறப்பாலேயே அந்நாட்டுக் குடிகள். ஆனால் குடியேற்ற ஆவணமில்லாதவர் நிலை வேறு. 2010ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த காப்பீட்டுச் சந்தையில் பணங்கொடுத்து வாங்கவும் அவர்கட்கு உரிமையில்லை. அரசின் சாயல் வீசும் எந்த வாயிலையும் அவர்கள் அஞ்சுவர். அச்சமே நோயாயிருப்பவனுக்கு மருத்துவமனையின் வாயிலும் அச்சந்தருவதாயின், அவன் எங்கே செல்வான்? கடையிலுள்ள புட்டியே அவனை ஒன்றும் கேளாமல் ஏற்றுக்கொள்கிறது.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. மது மூளைக்குள் செய்வதென்ன? 'காபா' என்னும் இரசாயனம் நரம்புகளை அடக்குவது. 'குளூட்டமேட்' என்பது கிளர்த்துவது. மது முன்னதன் வேலையை மிகுத்துப் பின்னதைத் தடுக்கிறது. ஆதலின் முதற்கோப்பையில் நெஞ்சுப் படபடப்பு அடங்குகிறது, இது பொய்யன்று. ஆனால் நாள்தோறும் குடிப்பவன் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மது இறங்கியதும் அடக்குவது தளர்ந்து, கிளர்த்துவது மேலோங்குகிறது. ஆலையில் தறியின் தடைக்கட்டை தேய்ந்துபோனால் எந்திரம் எங்ஙனம் கட்டுமீறி ஓடுமோ, அங்ஙனம் விடியற்காலையில் உள்ளம் ஓடுகிறது. முந்திய இரவில் தணித்த அச்சம் காலையில் வட்டியோடு திரும்புகிறது. அதனைத் தணிக்க மீண்டும் மது. ஆகவே குடியை ஓரிடத்திலும் பதற்றத்தை மற்றோரிடத்திலும் தனித்தனியே மருத்துவம் செய்தால், ஒருபக்கம் அவிழ்க்க மறுபக்கம் இறுகும்.

இம்மக்களுள் பலர் 'பதற்றநோய்' என்று சொல்லார், 'நெர்வியோஸ்' என்பர். நம்மவர் 'நரம்புத் தளர்ச்சி' என்கிறார்களே, அதுபோல்வதே. கரீபியத் தீவுகளின் வழிவந்தோரிடையே, நடுக்கம் கண்டு, அலறியழுது, நெஞ்சிலிருந்து தலைக்கு வெப்பம் ஏறுவதாக உணரும் நிலையை 'அதாக்கே தே நெர்வியோஸ்' என்பர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் விளக்க நூலிலும் (1994) இது இடம்பெற்றது. செயலியின் கேள்வி இச்சொல்லை அறிந்திருந்தால்தான் விடை உண்மையாயிருக்கும்.

அளவும் அப்படியே. அந்நாட்டில் 'ஒரு பானம்' என்பது 14 கிராம் தூய சாராயம். நூற்றுக்கு 5 வீதம் சாராயமுள்ள பீர் 355 மில்லி. மெக்சிகரின் 'கவாமா' என்னும் பெரிய புட்டியோ ஒரு லிட்டரை நெருங்கும். 'ஒன்றுதான் குடித்தேன்' என்பவன் பொய் சொல்லவில்லை; ஆயினும் கணக்கில் இரண்டரைக்கு மேலாகிறது. புட்டியின் படத்தைக் காட்டிக் கேட்கும் செயலி இவ்விடத்தில் பெரிதும் பயன்படும். குடியின் இடரை அளக்க உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த பத்துக் கேள்விகளை ஆறு நாடுகளில் சோதித்தனர். அவற்றுள் மெக்சிகோவும் ஒன்று. மொத்தம் 40 மதிப்பெண்ணில் 8 அல்லது அதற்கு மேற்பட்டால் இடர்தரும் குடியெனக் கொள்வர். பதற்றத்திற்கு 2006இல் வெளிவந்த ஏழு கேள்விகள் உண்டு. இவ்விரண்டையும் யாரும் முகத்தைப் பாராத தனிமையில் கைபேசியிலே நிரப்பலாம்.

இனி நமக்கு ஒவ்வாத ஒன்றைக் கூறவேண்டும். இத்தகைய செயலிகளுட் பல 'விடு' என்னாமல் 'எண்ணு, குறை' என்கின்றன. மதுவிலக்கைச் சீலமாக ஏற்றவர்க்கு இது குறைபாடாகத் தோன்றும். நமக்கும் அவ்வாறே தோன்றியது. ஆனால் சில ஆண்டுகட்கு முன் நமது பிரசங்கம் கேட்ட ஒருவர், நெடுநாட் குடியை அன்றிரவே அடியோடு நிறுத்தினார். நாமும் மகிழ்ந்து பாராட்டினோம். இரண்டாம் நாள் கைநடுக்கம் கண்டு வலிப்பு வந்தது. மருத்துவமனையில் சேர்த்ததால் பிழைத்தார். மிகக் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால் முதலிரு நாட்களில் வலிப்பும், அதனையடுத்துச் சித்தப்பிரமையும் நேரக்கூடும், உயிருக்கே கேடாம். இது நமக்கு அன்று தெரியாது. தெரியாமற் பேசியது நமது குற்றமே. ஆகவே நல்ல செயலி, மதிப்பெண் மிக உயர்ந்தவனை 'நீயே நிறுத்து' என விடாது மருத்துவரிடம் அனுப்பவேண்டும்.

இவற்றால் பயனுண்டா? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 'ஏ-செஸ்' என்னும் செயலியை, விடுதியில் தங்கிச் சிகிச்சை முடித்து வெளியேறிய 349 பேரிடம் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டனர். பழைய மதுக்கடையை நெருங்கும்போது எச்சரித்தலும், தவிக்கும் நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்தித் துணை தேடுதலும் அதில் இருந்தன. முப்பது நாளில் இடர்தரும் குடிநாள்கள், செயலி பெறாதார்க்குச் சராசரி 2.75 ஆகவும், பெற்றார்க்கு 1.39 ஆகவும் இருந்தன. இதன் ஸ்பானிய வடிவத்தைப் பாஸ்டன் நகர் ராக்ஸ்பரியிலுள்ள காசா எஸ்பெரான்சா என்னும் நிலையம், மதுவோடு மனநோயும் உடையார்க்குப் பயன்படுத்திப் பார்த்தது. யேல் பல்கலைக்கழகத்தார் போதைப்பழக்கம் உடையார்க்கான பாடங்களை வெறும் மொழிபெயர்ப்பாகத் தராது, அம்மக்கள் விரும்பிக் காணும் தொலைக்காட்சித் தொடர்கதையாகவே ஸ்பானிய மொழியில் அமைத்தனர். 92 பேரிடம் நிகழ்ந்த சோதனையில் (2018) வழக்கமான சிகிச்சையோடு அதனையும் பெற்றோரிடம் போதைப்பழக்கம் மிகுதியாகக் குறைந்தது. கதையில் வருபவன் தன் அண்ணனைப்போற் பேசுவானாயின் அவன் கூறும் வழியும் செவியேறுமன்றோ!

ஆயினும் ஓர் ஐயம் நம்மை விடவில்லை. கைபேசியில் ஒருவன் தன் குடியை எழுதுகிறான். அதனை யார் படிக்கிறார்? இணையவழிக் குடிநோய்ச் சிகிச்சை நடத்திய நிறுவனமொன்று பயனாளரின் செய்திகளை விளம்பரக்காரர்க்குத் தந்ததாக, 2024 ஏப்ரலில் அந்நாட்டுக் கூட்டரசு வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. ஆவணமில்லாத தொழிலாளிக்கு இது சிறு செய்தியா? 'கோன்ஃபியான்சா', அதாவது உள்ளம் ஒப்பிய நம்பிக்கை, இன்றி இம்மக்களிடம் எதுவும் நடவாதென்பர். அதனை எந்திரம் தானே உண்டாக்காது. எந்திரத்தின் பின்னே பெயரும் குரலுமுடைய ஒருவர் இருத்தல் வேண்டும்.

நெருக்கடியில் தவிப்போர்க்கென 2022 ஜூலையில் அந்நாட்டில் 988 என்னும் தொலைபேசி எண் ஏற்பட்டது. 2023 ஜூலை முதல் ஸ்பானிய மொழியிற் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அதற்கு அனுப்பவேண்டிய சொல் ஒன்றே: 'அயூதா', உதவி என்பது பொருள். மறுமுனையில் அவர்தம் மொழியிலேயே ஒருவர் விடையளிப்பார்.